தண்ணீர் லாரியைத் துரத்திய கோடை

ராசிபுரத்தில் நான் நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரே ஒரு கார்தான். அதில் இடப்பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வருபவர் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார். நான் இடப்பக்கம் உட்கார்ந்து, அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, "கிளட்ச்ச மெதுவா விடுங்க கண்ணு, பின்னால பஸ்காரன் ஆரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான்" என்று சொல்லிக்கொண்டே வருவேன். நர்சுகள், ஆசிரியைகள், தறிப்பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் என்று தினமும் யாராவது வருவார்கள். ஆத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவோம். பிறகு அடுத்தவர். மறுபடியும் அதே தூரம்.

உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாத பிறவி நான். உட்கார்ந்தே செய்யும் வேலையில் வந்து மாட்டிக்கொண்டேன். சேலம் பஸ்ஸில் முன் சீட்டில் இடம் கிடைத்தால்கூட ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் கால் தானாகத் தரையை அழுத்தும். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். டிவி பார்க்கும்போதும் அப்படித்தான். கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தால், "அம்மா, சோபாவுக்கு பிரேக் இல்லம்மா" என்பாள்.

கணவர் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி வடக்கே போனால் அங்கே மழை பிடிக்கும்வரை திரும்ப மாட்டார். வந்தால் முதல் வாரம் நன்றாக இருப்பார். இரண்டாவது வாரம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். மூன்றாவது வாரம் ரிக் முதலாளிக்கு அவரே போன் போட்டு, "எப்பங்க வண்டி கெளம்புது?" என்று கேட்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பங்குனி மாதம் சினிமாக்காரர்கள் எங்கள் பக்கம் வந்தார்கள். ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு ஏரி. ஏரி என்பது பெயருக்குத்தான். வெடித்துப்போன மண்ணும் ஓரத்தில் சீமைக்கருவேலமும் மட்டும்தான் இருக்கும். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதையாம். மழையே இல்லை, ஆறெல்லாம் வற்றிவிட்டது, மிஞ்சிய மனிதர்கள் ஒரு தண்ணீர் டேங்கர் லாரியைக் கைப்பற்றுவதற்காக வண்டிகளில் துரத்திக்கொண்டு சாகிறார்கள்.

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு ஏனுங்க ஒலகம் அழியோணும்? போன வாரம் எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்தப்ப வந்திருந்தாப் போதுமே" என்றார்.

நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் அந்தப் படத்துக்கான வண்டிகளைத் தயார் செய்திருந்தார்கள். பழைய கார்களின் கூரையை அறுத்து, முன்னால் கடப்பாரை போல் கூரான இரும்புகளை வைத்துப் பற்றவைத்து, துருப்பிடித்த மாதிரி சாயம் அடித்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக டிரெய்லரில் ஏற்றி எங்கள் ஸ்கூல் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். பார்த்த நாளிலிருந்து எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை.

ஒரு காலை, படத்தின் புரொடக்‌ஷன் மேனேஜர் வியர்த்து விறுவிறுத்து ஸ்கூலுக்குள் வந்தார். கதாநாயகிக்குப் பதிலாக ஜீப் ஓட்ட வந்திருந்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. ஆம்பளைக்கு விக் வைத்து ஓட்ட வைக்கலாம் என்றால் ஸ்டண்ட் மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்ககிட்ட கத்துக்கிட்டவங்கள்ல யாராவது தைரியமா ஓட்டுற லேடீஸ் இருக்காங்களா மேடம்? பழைய ஜீப். பவர் ஸ்டியரிங் கிடையாது."

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். "நான் வாரேனுங்க" என்றேன்.

அன்று மாலை கணவரிடம் போனில் சொன்னேன். "சினிமாவுக்கு டிரைவராப் போறனுங்க, கொஞ்ச நாளைக்கு."

பின்னால் கம்ப்ரசர் சத்தம் இரைந்துகொண்டிருந்தது. "நல்லதாப் போச்சு, போ போ" என்றார். நடிகையைத் தங்குமிடத்திலிருந்து ஏரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகிற வேலை என்று அவர் நினைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது.

ஸ்டண்ட் மாஸ்டர் வடசென்னைக்காரர். குள்ளம், ஐம்பதைத் தாண்டியவர், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். என்னைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. ஏரியின் நடுவே காலி அட்டைப்பெட்டிகளைச் சுவர் மாதிரி என்னைவிட உயரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அத ஒடச்சிக்கினு அந்தப் பக்கம் போம்மா. அவ்ளோதான். உள்ள ஒன்னும் இல்ல, வெறும் பொட்டி."

ஜீப்பில் ஏறி விரட்டினேன். கியர் மாறியது, ஸ்டியரிங் கைக்கு வந்தது, வண்டி நன்றாகவே பறந்தது. சுவர் நெருங்கியதும் என் கால் பிரேக்கில் இருந்தது. நான் வைக்கவில்லை, அதுவாகப் போய்விட்டது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பெட்டிகளுக்கு முன்னால் நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. மூன்றாவது முறை, அழுத்தவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போயும், முன்பம்பர் பெட்டியைத் தொடும்போது கால் பிரேக்கில்தான் இருந்தது. ஓரத்தில் நின்ற ஸ்டண்ட் பையன்கள் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. அழுகை வந்தது. இறங்கி நேராக வீட்டுக்கே போய்விடலாமா என்றிருந்தது.

மாஸ்டர் நொண்டிக்கொண்டே வந்து ஜீப்பின் கதவில்லாத பக்கத்தில் சாய்ந்தார்.

"இன்னா தொழில் உனக்கு?"

சொன்னேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடுகிற தொழில்.

அவர் என் இடப்பக்கத்து சீட்டைப் பார்த்தார். "அப்போ நீ உனக்காக பிரேக் போடல. எப்பவும் பக்கத்துல ஒரு உசுரு இருக்குன்னு போடுற. இங்க யாரு இருக்கா?"

நான் அந்தக் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அதோடு அனுப்பிவிட்டார். வேறு ஆள் தேடுவார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஜீப்பில் இடப்பக்கத்து சீட்டையே கழற்றிவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் வெறும் தகரம், நான்கு போல்ட் ஓட்டை. மாஸ்டர் கையை மட்டும் சுவர்ப்பக்கம் நீட்டினார். நான் ஓட்டினேன். பெட்டிகள் முகத்துக்கு நேராக வந்தன, இருட்டியது, படபடவென்று ஒரு சத்தம், பிறகு வெளிச்சம். ஜீப் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நிறுத்தச் சொல்லி எல்லோரும் கையை ஆட்டினார்கள். ஏரியை ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

பிறகு ஒத்திகை. திரையில் பார்க்கும்போது எல்லாம் கண்மண் தெரியாத வேகமாகத் தெரியும். செய்யும்போது அது தாலி கோர்க்கிற பொறுமை. முதலில் மாஸ்டர் தரையில் பாயை விரித்து, பொம்மைக் கார்களை வைத்து நகர்த்திக் காட்டுவார். அப்புறம் நாங்கள் வண்டியில்லாமல் நடந்தே துரத்துவோம். நான்தான் ஜீப், நாமக்கல்லிலிருந்து வந்திருந்த லாரி டிரைவர்தான் டேங்கர், மற்றவர்கள் கார்கள். வெயிலில் ஆளுக்கு ஒரு மூலையில் ஓடி வளைந்து திரும்புவோம். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏறி, நடக்கிற வேகத்தில் ஒரு முறை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி.

ஏரி மண் கிளப்பும் புழுதி கேமராவுக்குப் போதவில்லை என்று மூட்டை மூட்டையாக முல்தானி மிட்டியைக் கொட்டி காற்றாடியில் ஊதினார்கள். முகத்துக்குப் பூசுவோமே, அதேதான். வீட்டுக்குப் போய் எத்தனை முறை குளித்தாலும் தலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் டேங்கரின் பின்சக்கரம்தான் தெரிந்தது. பயத்தில் அல்ல. எப்போது விடியும் என்றிருந்தது.

துரத்தும் கார்களில் ஒன்று புரளவேண்டும். அந்தக் காரை உருட்டுகிற ஸ்டண்ட்காரர் மதுரைப் பக்கத்துக்காரர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். கார் எப்படி உருளும் என்று அவர்தான் எனக்குக் காட்டினார். காரின் வயிற்றில் ஒரு தடித்த இரும்புக் குழாயைப் பொருத்தி, அதற்குள் ஒரு மரத்தூணைச் செருகியிருப்பார்கள். அடைத்துவைத்த காற்றை ஒரே அடியாகத் திறந்துவிட்டால் தூண் தரையை உதைக்கும். கார் ஒரு பக்கமாக எழும்பிப் புரளும். ரிக்கில் பாறைத்தூளை வெளியே ஊதித் தள்ளுவதும் அதே காற்றுதான். அதனால் எனக்குச் சட்டென்று புரிந்தது.

"உள்ள இருக்கறப்போ கண்ண மூடிக்குவீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"மூடவே கூடாதுக்கா. மூடுனா எத்தன உருட்டுன்னு எண்ண முடியாது. எண்ணிக்கிட்டே இருந்தா, எப்ப நிக்கும்னு ஒடம்புக்குத் தெரிஞ்சிடும்."

அந்த ஷாட்டில் நான் கதாநாயகியின் முகமூடியை மாட்டிக்கொண்டு முன்னால் போகவேண்டும். அவருடைய கார் என்னைத் துரத்தி வந்து எனக்குப் பின்னால் புரளவேண்டும். நான் திரும்பிப் பார்க்காமல் ஏரிக்கரையில் நட்டிருந்த சிவப்புக் கொடி வரைக்கும் ஓட்டிப்போய் நிற்கவேண்டும். என்ன சத்தம் கேட்டாலும் கொடிவரை போ என்பதுதான் மாஸ்டரின் கட்டளை.

தொடக்கக் கொடியை இறக்கினார்கள், கிளம்பினோம். பின்னால் வெடித்த மாதிரி ஒரு சத்தம். அது தெரிந்த சத்தம்தான். அதற்குப் பிறகு வந்த சத்தங்கள்தான் நீண்டுகொண்டே போயின. கண்ணாடியில் பார்த்தேன். புழுதி உயரமாக எழும்பியிருந்தது. கார் நிற்கவேண்டிய இடத்தில் கார் இல்லை. அது இன்னும் உருண்டுபோய், வண்டல் மண் அள்ளுவதற்காக ஊர்க்காரர்கள் வெட்டியிருந்த குழிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் மாஸ்டர் அந்தத் தம்பியைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பதிலே இல்லை.

நான் ஜீப்பைத் திருப்பினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது தெரியும். திருப்பிவிட்டேன்.

கார் குழிக்குள் தலைகீழாகக் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே தீயணைக்கும் ஆட்கள் ஓடிப்போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஓட்டுகிறவரைக் காக்கக் காருக்குள் பொருத்தியிருந்த கம்பிக் கூண்டு நசுங்கவில்லை. உள்ளே அவர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய மண். கண் திறந்திருந்தது. உடம்பின் பாரம் முழுவதும் பெல்ட்டில் இருந்ததால் கொக்கி கழலவில்லை.

"யாராவது உள்ள போயி தோளப் புடிங்க! அறுத்தா தலைல விழுவான்!" என்று மாஸ்டர் மேலிருந்து கத்தினார்.

ஜன்னல் இடைவெளி குறுகலாக இருந்தது. நான்தான் ஒல்லி. ஊர்ந்து உள்ளே போய், மல்லாந்து படுத்து, அவர் தோள்களை என் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். அவர் முகம் என் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. மண்ணைத் துப்பிவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"மூணு எண்ணுனேன்க்கா. நாலாவது எங்கருந்து வந்துச்சு?"

"பேசாதீங்க சாமி. இருங்க, அறுக்கறாங்க."

பெல்ட் அறுந்ததும் அவர் பாரம் முழுவதும் என் மேல் இறங்கியது. என் கை தோளில் அழுந்தியதும் வலியில் கத்தினார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று போன் வரும்வரை நான் உட்காரவே இல்லை. ஏரிக்கரையில் நடந்துகொண்டே இருந்தேன். மாஸ்டர் உடைந்த ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"காத்து அளவு சரிதாம்மா. மண்ணு ஏமாத்திடுச்சி. அந்தப் பக்கம் கல்லு மாதிரி கெடந்திருக்கு, நான் பாக்காம வுட்டுட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொடிகிட்ட போய்த்தான் நிக்கணும்னு சொன்னேன். நீ திரும்பினது தப்பு. வேற வண்டி வந்திருந்தா மோதியிருப்ப" என்றார். அதற்கும் பிறகு, "டேங்கர் ஷாட்டு பாக்கி இருக்கு. நீ வராட்டியும் நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்" என்றார்.

படப்பிடிப்பைச் சில நாள் நிறுத்தினார்கள். அதற்குள் கரையில் நின்று யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கோவையில் மகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போவது அம்மாதான் என்று அவளுக்குத் தெரிந்ததும் பெருமையில் அதை அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள்.

அவர் எனக்குப் போன் செய்யவில்லை. ரயில் பிடித்து சேலம் ஜங்ஷனில் இறங்கி நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"டிரைவராப் போறேன்னுதான சொன்னே?"

"டிரைவராத்தானுங்க போனேன்."

"நடிகையக் கார்ல ஏத்திக்கிட்டுப் போறதுன்னு நெனச்சேன் நானு!"

"நீங்களா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றதுங்க?"

"போதும். நாளையிலிருந்து அங்க போவேண்டாம்."

நான் அவர் கையிலிருந்த பையை வாங்கி வைத்தேன். "போன வருசம் ரிக்குல ராடு நழுவி உங்ககூட இருந்தவரு கால் நசுங்குச்சு. அடுத்த வாரமே நீங்க ஏறுனீங்க. போவேண்டாம்னு நான் ஒரு வார்த்த சொன்னனா?"

"அது பொழப்பு."

"அப்ப இது என்னங்க?"

அவர் வாசலுக்குப் போனார், கொல்லைக்குப் போனார், திரும்பி வந்தார். நான் சொன்னேன், "எனக்கு இந்த ஊட்டுக்குள்ள உக்காந்திருக்க முடியலீங்க. நீங்க போயிடறீங்க. நான் எங்க போறது?"

அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு மட்டும் முடியுதா? பத்து நாள் இருந்தா மேலெல்லாம் அரிக்குது. அத உங்கிட்டச் சொல்லக் கூச்சமா இருக்கும், அதனால மொதலாளி கூப்பிட்டாருன்னு சொல்லிட்டுப் போவேன்."

எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அதை அவர் சொன்னது அப்போதுதான். எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது கோபம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

டேங்கர் ஷாட் அன்று அவரும் ஏரிக்கு வந்தார். மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வந்து சக்கரத்தின் நட்டுகளை ஸ்பானர் போட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு என் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்க் குடைக்குக் கீழே நின்றார்.

டேங்கருக்கும் பக்கத்தில் ஓடும் ஈட்டி வைத்த காருக்கும் நடுவில் ஜீப் அளவுக்குத்தான் இடைவெளி. டேங்கர் இடப்பக்கம் சாய்ந்து வளையும்போது அந்த இடைவெளி மூடத் தொடங்கும். மூடுவதற்குள் நான் நுழைந்து வெளியே வரவேண்டும். கொடி விழுந்தது. டேங்கரின் சக்கரம் என் வலது தோளுக்குப் பக்கத்திலேயே சுற்றியது. இந்தப் பக்கம் இரும்பு முனைகள். முல்தானி மிட்டியில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. நடந்து நடந்து பழகியதால் காலுக்கும் கைக்கும் வழி தெரிந்திருந்தது. ஒரு மூச்சு விட்டுத் திரும்ப இழுப்பதற்குள் வெயில் கண்ணில் அடித்தது. வெளியே வந்துவிட்டேன். அந்த ஒரு மூச்சில் என் உடம்பு அசையாமல் இருந்தது. அப்படி இருந்தது எனக்கு நினைவு தெரிந்து அப்போதுதான்.

ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியபோது கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போதமலையைப் பார்த்தபடி நின்றவர் ஷாட்டைப் பார்க்கவே இல்லை.

"முடிஞ்சுதா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"முடிஞ்சுதுங்க."

"இன்னொரு தடவை எடுக்கோணும்பாங்களா?"

மாஸ்டர் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்தினார். "வேண்டாமாமுங்க" என்றேன். அப்புறம்தான் திரும்பினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

படம் வந்தபோது மூன்று பேரும் ராசிபுரத்தில் போய்ப் பார்த்தோம். டேங்கருக்கும் காருக்கும் நடுவில் நுழைவது கதாநாயகிதான். எனக்கு முகமூடி, அவருக்கு முகம். மகள் மட்டும் கை தட்டினாள். கார் உருளும் காட்சியை முழுதாக வைத்திருந்தார்கள். புழுதிக்குள் ஜீப் திரும்பத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டியிருந்தார்கள். முன் வரிசையில் ஒருத்தர், "எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். என் கணவர் எழப்போனார். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

தோள் முறிந்த தம்பி தேறிவிட்டார். இப்போது காரை உருட்டுவதில்லை. மாஸ்டருக்கு உதவியாக அளவெடுக்கிற, மண்ணைச் சோதிக்கிற வேலை. வருடத்தில் சில முறை எனக்குப் போன் வரும். "அக்கா, பாலைவனத்துல ஒரு ஷெட்யூல்" என்பார். நான் கனரக வாகன லைசென்ஸும் எடுத்துவிட்டேன். நான் போகும் நாட்களில், என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண் ஸ்கூலைப் பார்த்துக்கொள்கிறாள்.

போன மாதம் அப்படி ஒரு போன் வந்தது. மழை தொடங்கி கணவர் ஊரில் இருந்த சமயம். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, "எப்ப வருவே?" என்றார்.

"முடிஞ்சதும் வாரேனுங்க."

"நீ இல்லாம நான் ஒருத்தன் இங்க என்ன பண்றது?" என்றார். பிறகு எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து, தென்பக்கம் ஒரு ரிக்கில் ஆள் குறைகிறதாம் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அவரும் பையை எடுத்தார்.

இரண்டு பேரும் ஒன்றாகக் கதவைப் பூட்டி, சாவியைக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா எங்கள் இரண்டு பைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த ஊட்டுல குடியிருக்க ஆளு வேணுமுன்னா சொல்லுங்க, நான் பாத்துத் தாரேன்" என்றார்.